கட்டுரைத் தேடல் சொதப்பும்போது: பகுப்பாய்வு வேதியியலுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"இந்தத் தலைப்பில் யாருமே வேலை செய்யவில்லை" என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தேடல் பெட்டியில் என்ன அடித்தீர்கள், அதை அப்படியே காட்டுங்கள். பெரும்பாலும் கோளாறு அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கும். தரவுத்தளத்தை மாற்றுவது, சந்தா கேட்பது, நூலகரிடம் ஓடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. தேடல் வரியை மூன்றாகப் பிரியுங்கள்: எதை அளக்கிறீர்கள் (பகுபொருள்), எதில் அளக்கிறீர்கள் (மாதிரி), எதைக்கொண்டு அளக்கிறீர்கள் (முறை). மூன்றையும் தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முடிவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ், பப்மெட் என்ற மூன்று கட்டுரைத் தரவுத்தளங்களிலும் நீங்கள் செய்த தேடல்கள் வரலாற்றில் வரிசை எண்ணோடு நிற்கும். பிறகு அந்த எண்களையே 'ஆண்ட்' போட்டு இணைக்கலாம். எந்த வரி செத்துக்கிடக்கிறது, எந்த வரி வீங்கிக்கிடக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒன்றுமே வரவில்லை, வந்தாலும் மூன்று நான்குதான்

முதலில் செலவில்லாத காரணங்கள். எழுத்துப்பிழை. நேற்றைய தேடலில் போட்ட ஆண்டு வடிகட்டி இன்னும் அப்படியே இருப்பது. தேடும் புலம் 'தலைப்பு மட்டும்' என்றோ 'ஆசிரியர்' என்றோ மாறிக்கிடப்பது. இன்னொன்றும் உண்டு: முழு வாக்கியத்தையும் மேற்கோள்குறிக்குள் அடைப்பது. 'கழிவுநீரில் டைக்ளோஃபெனாக்கை எல்சி-எம்எஸ் மூலம் அளவிடுதல்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொற்றொடராக அடித்து மேற்கோள்குறி போட்டால், அதே சொற்களை அதே வரிசையில் எழுதிய கட்டுரை மட்டும்தான் வரும். மேற்கோள்குறி இரண்டு, மூன்று சொற்களுக்குத்தான்.

பப்மெட்டில் இதற்கு ஒரு கிளைச் சிக்கல். நீங்கள் மேற்கோள்குறிக்குள் போட்ட சொற்றொடர் அதன் பட்டியலில் இல்லையென்றால், குறியை நீக்கிவிட்டுச் சொற்களைத் தனித்தனியாகத் தேடிவிடும். மேம்பட்ட தேடல் பக்கத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் பக்கத்தில் இருக்கும் விவரத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வரியை அது எப்படி மொழிபெயர்த்துக்கொண்டது என்று முழுதாகக் காட்டும். அதைப் படிக்காமல் பப்மெட்டைக் குறை சொல்லக்கூடாது.

பகுபொருள் வரி செத்திருந்தால்: பெயர்தான் காரணம். வேதிப்பொருளுக்கு ஒரு பெயர் என்பது கிடையாது. பாராசிட்டமால் என்று ஒரு நாட்டில் எழுதுவதை அசிட்டமினோஃபென் என்று இன்னொரு நாட்டில் எழுதுவார்கள். பிஎஃப்ஓஎஸ் என்ற சுருக்கத்தை ஒருவர் எழுதுவார், பெர்ஃபுளூரோஆக்டேன் சல்ஃபோனேட் என்று இன்னொருவர், அதையே 'பிஎச்' போட்ட பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் மூன்றாமவர். இதற்கு மருந்து பப்கெம் என்ற வேதிப்பொருள் தரவுத்தளம். இலவசம். பொருளைத் தேடி, மாற்றுப்பெயர் பட்டியலைத் திறந்து, கட்டுரைகளில் புழங்கக்கூடிய நான்கைந்தை மட்டும் எடுத்து 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பட்டியலில் வணிகக் குறியீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவை வேண்டாம்.

பெயர்ப் பிரச்சினைக்கு அடுத்த நிலை மருந்து சிஏஎஸ் பதிவு எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் அடையாள எண். சிஏஎஸ் காமன் கெமிஸ்ட்ரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எண்ணைக் கையால் நகலெடுக்கும்போது ஓர் இலக்கம் தவறினால் எதுவுமே வராது, இல்லையென்றால் வேறு ஏதோ பொருள் வரும். சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு: கடைசி இலக்கம் சோதனை இலக்கம். காஃபீனின் எண் 58-08-2. கடைசி 2-ஐ விட்டுவிட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 ஆல் பெருக்குங்கள்: 8×1, 0×2, 8×3, 5×4. கூட்டினால் 52. அதன் கடைசி இலக்கம் 2. பொருந்துகிறது. பொருந்தவில்லையென்றால் எண் தவறு, மேலே தேடிப் பயனில்லை.

எண் சரியாக இருந்தும் குறைவாக வருகிறதா? உப்பைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் அமிலத்தின் எண் 15307-86-5. அதன் சோடியம் உப்பின் எண் 15307-79-6. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வரும் என்று நம்பவேண்டாம், இரண்டையும் போடுங்கள். கிளைஃபோசேட்டும் அப்படித்தான்: அமிலம் 1071-83-6, ஐசோபுரொப்பைலமீன் உப்பு 38641-94-0.

இந்த எண் எல்லா இடத்திலும் செல்லாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிஏஎஸ் நடத்தும் வேதியியல் தரவுத்தளமான சைஃபைண்டரில் அது முதன்மைச் சாவி. ஸ்கோப்பஸிலும் பப்மெட்டிலும் அதற்கென்று தனிப் புலம் உண்டு. வெப் ஆஃப் சயின்ஸின் முதன்மைத் தொகுப்பில் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் வராது, ஏனென்றால் யாரும் சுருக்கத்தில் அந்த எண்ணை எழுதுவதில்லை.

மாதிரி வரி செத்திருந்தால்: கழிவுநீருக்கான ஆங்கிலச் சொல்லை ஒட்டியும் எழுதுவார்கள், பிரித்தும் எழுதுவார்கள். 'எஃப்ளுவென்ட்', 'இன்ஃப்ளுவென்ட்', 'சீவேஜ்' மூன்றும் அதே குடும்பம். பிளாஸ்மா என்று தேடுபவர் சீரத்தையும் சேர்க்கவேண்டும். இன்னும் சொல்லப்போனால், மாதிரி வரியைக் கழற்றிவிட்டே ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் மாதிரியில் யாரும் அளக்காமல் இருக்கலாம். ஆனால் அதே பொருளை ஆற்றுநீரில் அளந்தவரின் பிரிப்பு நிபந்தனைகள் உங்களுக்கு அப்படியே உதவும். மாதிரித் தயாரிப்பை மட்டும் வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முறை வரி செத்திருந்தால்: ஒரே கருவிக்கு இரண்டு பெயர். கிராஃபைட் ஃபர்னஸ் என்று சிலர், எலெக்ட்ரோதெர்மல் என்று சிலர். இரண்டும் ஒரே அணு உறிஞ்சல் முறைதான். அழுத்தத் திரவப் பிரிப்பை அதை விற்ற கம்பெனி வைத்த வணிகப் பெயரில் எழுதியவர்களும் நிறைய. சுருக்கம், விரிவு, வணிகப் பெயர் மூன்றையும் போடுங்கள்.

நட்சத்திரக் குறியால் சொல்லைப் பாதியில் வெட்டுபவர்கள் கவனிக்க: பப்மெட்டில் குறிக்கு முன் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். குறி போட்ட சொல்லுக்கு, அது வழக்கமாகத் தானே செய்யும் ஒத்தசொல் தேடலும் நின்றுவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மூன்று வரியும் தனித்தனியாக நன்றாக வருகின்றன, மாற்றுப்பெயர் எல்லாம் போட்டாகிவிட்டது, இணைத்தால் மட்டும் பூஜ்யம். உங்கள் தலைப்பு உண்மையிலேயே புதிதாக இருக்கலாம். ஆனால் 'இதுவே முதல் முறை' என்று கட்டுரையில் எழுதுவதற்கு முன் துறை நூலகரிடம் தேடல் வரலாற்றைக் காட்டுங்கள். காப்புரிமை சம்பந்தப்பட்டதாக இருந்தால் நூலகர்கூடப் போதாது, காப்புரிமைத் தேடலையே தொழிலாகச் செய்பவர் வேண்டும்.

## அறிகுறி: ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது

கூகுள் ஸ்காலரில் தேடியிருந்தால் ஆச்சரியமே இல்லை. அது கட்டுரையின் முழு உரையையும் படிக்கிறது. முன்னுரையில் ஒருவர் உங்கள் பொருளைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தாலும் அது முடிவுதான். லட்சம் என்று எண்ணிக்கை காட்டினாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் அது காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் மட்டும் தேடும் தரவுத்தளத்துக்குப் போனாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.

அப்படியும் குறையவில்லையா? அளவிடும் வேலையைச் சொல்லும் சொற்களைச் சேருங்கள். பகுப்பாய்வுக்காரர்கள் தலைப்பில் 'டிட்டர்மினேஷன்', 'குவாண்டிஃபிகேஷன்' என்று எழுதுவார்கள். சுருக்கத்தில் 'வேலிடேஷன்', 'ரெக்கவரி', கண்டறிதல் எல்லை என்று எழுதுவார்கள். இவற்றை 'ஆர்' போட்டு நான்காவது வரியாகச் சேர்த்தால், அந்தப் பொருளைத் தயாரித்தவர், அதன் நச்சுத்தன்மையைப் பார்த்தவர் எல்லாம் விலகி, அளந்தவர்கள் மட்டும் நிற்பார்கள்.

பலர் இங்கே கைவைக்கும் வடிகட்டி துறைப் பிரிவு. வெப் ஆஃப் சயின்ஸில் பகுப்பாய்வு வேதியியல் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதை அழுத்திவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்தப் பிரிவு இதழுக்குக் கொடுத்தது, கட்டுரைக்குக் கொடுத்ததல்ல. காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கும் அருமையான முறை ஓர் உணவு அறிவியல் இதழில் வந்திருந்தால், அந்த ஒரு சொடுக்கில் அது காணாமல் போகும்.

அதைவிட நல்ல வழி, ஆவண வகையை 'ரிவ்யூ' என்று வைத்து முதலில் மீளாய்வுக் கட்டுரை இரண்டைப் படிப்பது. இதற்கென்றே இருக்கும் இதழ்கள் உண்டு: ட்ராக் (ட்ரெண்ட்ஸ் இன் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி), 2008 முதல் வரும் ஆனுவல் ரிவ்யூ ஆஃப் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி. நல்ல மீளாய்வின் அட்டவணையில் மாதிரி, பிரிப்பு, கருவி, கண்டறிதல் எல்லை என்று வரிசையாக இருக்கும். அந்த அட்டவணையே உங்கள் தேடலில் பாதி.

## அறிகுறி: வருகிறது, ஆனால் சம்பந்தமே இல்லை

எனக்கு மிகவும் பழக்கமான கோளாறு இது. முடிவுகளில் முதல் இருபது தலைப்பை மட்டும் படியுங்கள். காரணம் கண்ணில் அடிக்கும்.

சொல்லே ஏமாற்றுகிறது. இரத்தத்தில் ஈயம் அளக்கும் முறையைத் தேடுகிறீர்கள். ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லும் 'இட்டுச்செல்' என்ற வினைக்கான ஆங்கிலச் சொல்லும் எழுத்தில் ஒன்றேதான். 'இது வீக்கத்துக்கு இட்டுச்செல்கிறது' என்று எழுதிய அத்தனை மருத்துவக் கட்டுரையும் வந்து விழும். வேதிக்குறியீட்டுக்குத் தாவலாம் என்றால் ஈயத்துக்கு அது ஓரளவு உதவும். ஆர்சனிக்குக்கும் இண்டியத்துக்கும் உதவாது. அவற்றின் குறியீடுகள் ஆங்கிலத்தில் சாதாரண இணைப்புச் சொற்கள், பப்மெட் அவற்றைத் தேடலிலிருந்து தூக்கிப் போட்டுவிடும்.

சரி, என்ன செய்வது? ஈயத்தைத் தனியாக விடாமல் ஒரு துணையோடு கட்டுங்கள். வெப் ஆஃப் சயின்ஸில் 'நியர்' சாய்கோடு 3, ஸ்கோப்பஸில் 'டபிள்யூ' சாய்கோடு 3. ஈயத்துக்கு மூன்று சொல் தூரத்துக்குள் இரத்தம், காட்மியம், அயனி, செறிவு இவற்றில் ஏதாவது ஒன்று வரவேண்டும் என்று சொல்லுங்கள். ஈயத்தை அளப்பவர் பெரும்பாலும் காட்மியத்தையும் சேர்த்தே அளப்பார், அதனால் அந்தத் துணைச்சொல் அதிசயமாக வேலை செய்யும். பப்மெட்டிலும் 2022 முதல் தலைப்பு, சுருக்கப் புலங்களில் இப்படி அருகாமையில் தேடலாம்.

சுருக்கம் ஏமாற்றுகிறது. எஸ்பிஇ என்றால் உங்களுக்குத் திடநிலைப் பிரிப்பு. மின்வேதியியல்காரருக்கு அது அச்சிட்ட மின்முனை. எம்ஐபி என்றால் ஒருவருக்கு மூலக்கூறு அச்சுப் பதித்த பாலிமர், இன்னொருவருக்கு நுண்ணலை தூண்டிய பிளாஸ்மா. இரண்டு எழுத்து, மூன்று எழுத்துச் சுருக்கத்தை ஒருபோதும் தனியாக விடாதீர்கள். விரிவைப் போடுங்கள், அல்லது விரிவில் வரும் ஒரு சொல்லோடு இணையுங்கள்.

'நாட்' போட்டு வெட்டலாமா? வேண்டாம் என்பேன். 'மின்முனை வேண்டாம்' என்று போட்டால், திடநிலைப் பிரிப்பு செய்துவிட்டு மின்முனையில் அளந்த கட்டுரையும் போய்விடும். அது போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அடைப்புக்குறி இல்லை. 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் கலந்து அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். பப்மெட் இடமிருந்து வலமாகப் போகும். வெப் ஆஃப் சயின்ஸ் முதலில் 'ஆண்ட்', பிறகுதான் 'ஆர்'. 'பிளாஸ்மா ஆர் சீரம் ஆண்ட் காஃபீன்' என்று அடித்தால் பப்மெட்டில் நினைத்தது கிடைக்கும். வெப் ஆஃப் சயின்ஸிலோ உலகத்தில் உள்ள பிளாஸ்மாக் கட்டுரைகள் அத்தனையும் வரும், விண்வெளிப் பிளாஸ்மா உட்பட. 'ஆர்' வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடைப்புக்குறி போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கோளாறு திரும்ப வராது.

## அறிகுறி: கையில் இருக்கும் கட்டுரையே தேடலில் வரவில்லை

நல்ல கோளாறு இது. தேடல் வரியைச் சோதிக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. கட்டாயம் வரவேண்டிய நான்கைந்து கட்டுரைகளை வைத்துக்கொண்டு, அவை வருகின்றனவா என்று நானே வேண்டுமென்று பார்ப்பேன்.

அந்தக் கட்டுரையைத் தலைப்பைக் கொண்டு அதே தரவுத்தளத்தில் தேடுங்கள்.

தலைப்பில் தேடினால் வருகிறது: அப்படியானால் உங்கள் வரிதான் அதைப் பிடிக்கவில்லை. பதிவைத் திறந்து, தலைப்பிலும் சுருக்கத்திலும் திறவுச்சொல்லிலும் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களிடம் இல்லாத ஒன்று அங்கே இருக்கும். அதை வரியில் சேருங்கள். பதிவில் சுருக்கமே இல்லையென்றால் கதை வேறு. வெப் ஆஃப் சயின்ஸில் 1991-க்கு முந்தைய பதிவுகளுக்குப் பொதுவாகச் சுருக்கம் கிடையாது, தலைப்பை மட்டும்தான் தேடுகிறது. பழைய நிறமானி முறை, பழைய தரம்பார்த்தல் முறை தேடுபவர்கள் வரியைத் தளர்த்தி, பகுபொருள் பெயரை மட்டும் வைத்துத் தேடவேண்டும்.

தலைப்பில் தேடினாலும் இல்லை: அந்த இதழ் அங்கே சேர்க்கப்படவில்லை, அல்லது உங்கள் நிறுவனம் அந்தப் பழைய ஆண்டுகளுக்குச் சந்தா கட்டவில்லை. பப்மெட்டில் உயிர்மருத்துவம் சார்ந்த பகுப்பாய்வு நன்றாக இருக்கும், தாதுவிலும் உலோகக் கலவையிலும் அளப்பவருக்கு அது போதாது. பழைய வேதியியலுக்கு 1907-இல் தொடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் வாரிசான சைஃபைண்டர்தான் கதி.

இதழின் பெயர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிரெசேனியஸ் 1862-இல் தொடங்கிய இதழ் பெயர் மாறி மாறி, 2002 முதல் அனலிட்டிக்கல் அண்ட் பயோஅனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி என்று வருகிறது. அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி இதழ் 1946 வரை இண்டஸ்ட்ரியல் அண்ட் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியின் பகுப்பாய்வுப் பதிப்பாக இருந்தது. இன்றைய பெயரைப் போட்டு அன்றைய கட்டுரையைத் தேடினால் கிடைக்காது.

தேடுவது கட்டுரையே இல்லை: ஐஎஸ்ஓ தரநிலை, ஏஎஸ்டிஎம் முறை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இபிஏ) முறை, மருந்தியல் நூல் பதிவு. இவற்றைக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எத்தனை நாள் தேடினாலும் பயனில்லை, வெளியிடும் அமைப்பின் தளத்துக்கே போகவேண்டும். இபிஏ முறைகள் இலவசமாகக் கிடைக்கும். ஐஎஸ்ஓவும் ஏஎஸ்டிஎம்மும் காசு. வாங்குவதற்கு முன் உங்கள் நூலகத்தில் ஏற்கெனவே சந்தா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கட்டுரை இருக்கிறது, திறக்கமாட்டேன் என்கிறது

டிஓஐ எண்ணின் (கட்டுரைக்குக் கொடுத்திருக்கும் நிரந்தர இணைய அடையாள எண்) வாலில் முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா பாருங்கள். எண் 10-இல் தொடங்கவேண்டும். அது சரியென்றால், வெளியிலிருந்து நுழையும்போது நிறுவன உள்நுழைவு வழியாகப் போனீர்களா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியைக் காட்டும். முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல், வேதியியல் முன்பதிப்புகளை வைத்திருக்கும் கெம்ஆர்க்கைவ் இரண்டையும் பாருங்கள். எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். கடைசியாக நூலகங்களுக்கிடையே கடன் வாங்குவது.

பலர் தவறவிடுவது துணைத் தகவல் கோப்பு. அமெரிக்க வேதியியல் கழகத்தின் (ஏசிஎஸ்) இதழ்களில் அது சந்தா இல்லாமலே திறக்கும். கரைப்பான் மாறும் நேர அட்டவணை, நிறை நிறமாலைமானியின் அயனி இணைகள், மோதல் ஆற்றல், மீட்பு விழுக்காடு எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். முறையை ஓட்டிப்பார்க்க அதுவே போதுமான நேரங்களும் உண்டு.

கட்டுரைகள் திடீரென்று ஒட்டுமொத்தமாகத் திறக்கவில்லையென்றால், யாரோ ஒருவர் நிரல் எழுதி நூற்றுக்கணக்கில் தரவிறக்கியிருக்கலாம். பதிப்பகம் முழு நிறுவனத்தையும் அடைத்துவிடும். இதை நீங்களாகச் சரிசெய்ய முயலவேண்டாம், உடனே நூலகத்துக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி: அதே வரி, ஆளுக்கு ஆள் வேறு எண்ணிக்கை

ஒருவர் எல்லாத் தரவுத்தளங்களும் என்று வைத்திருப்பார், இன்னொருவர் முதன்மைத் தொகுப்பு மட்டும். சந்தா ஆண்டு வேறு. தேடிய நாள் வேறு, இடையில் புதுப் பதிவுகள் சேர்ந்திருக்கும். மீளாய்வுக் கட்டுரை எழுதுபவர் தேடல் வரி, தளம், தொகுப்பு, தேதி நான்கையும் ஒரு கோப்பில் ஒட்டி வைத்தால் போதும். முறையான மீளாய்வு என்றால் முதல் நாளே நூலகரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவில் சேர்ப்பது வீண்.

## அறிகுறி: மேற்கோள் இருக்கிறது, கட்டுரை எங்கும் இல்லை

ஆண்டு, தொகுதி, பக்கம் இவற்றில் ஒரு பிழை இருக்கலாம். முதல் ஆசிரியர் பெயரும் தலைப்பில் இரண்டு அபூர்வச் சொற்களும் போட்டுத் தேடுங்கள். இப்போது இன்னொரு காரணமும் கூடிவிட்டது: செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி கொடுத்த பட்டியல். இதழ் பெயர் உண்மை, ஆசிரியர் பெயர் உண்மைபோல, தலைப்பு கச்சிதம், கட்டுரை மட்டும் கிடையாது. டிஓஐ தளத்தில் எண்ணைப் போடுங்கள். திறக்கவில்லையென்றாலோ, திறந்தது வேறு கட்டுரையென்றாலோ, பட்டியலில் மீதி இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தே ஆகவேண்டும்.

கிடைத்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இதே மூச்சில் பார்த்துவிடுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுகளை, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் 2023-இல் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஒரு முறையை ஆய்வகத்தில் ஓட்டக் கரைப்பானும் நியமப் பொருளும் வாங்குவதற்கு முன், திருத்தக் குறிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பதிப்பகப் பக்கத்திலும் ஒரு பார்வை. சில நேரம் திருத்தப்பட்டது ஒரே ஓர் அலகுதான்: மைக்ரோகிராம் என்று அச்சாகியிருந்தது உண்மையில் நானோகிராமாக இருக்கும்.